தொப்பி கேட்கிறதா பாருங்கள்

கேள்வி: வீட்டில் நல்ல ஸ்பீக்கர் செட் போட்டிருக்கிறேன். தரமாக ஒலிப்பதிவான டிரம்ஸ், தாள வாத்திய இசையை எங்கே தேடுவது? நம்மூர் மிருதங்கம், தவில் பதிவுகள் எல்லாம் தகர டப்பா மாதிரி இருக்கின்றனவே, வெளிநாட்டுப் பதிவுகள்தான் கதியா?

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வளர்ந்த தவில்காரர் மகள். அப்பா சாதகம் செய்கிற கூடத்திலேயே பாயைப் போட்டுத் தூங்கிப் பழகிய காது எனக்கு. தவில்காரர் வீட்டுப் பெண் தவிலைத்தான் தூக்கிப் பேசுவாள் என்று யாராவது பின்னூட்டம் போடுவீர்கள். போடுங்கள். ஆனால் தகர டப்பா மாதிரி இருப்பது வாத்தியம் இல்லை, அதைப் பதிவு செய்த விதம். இதை நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. கடையில் ஜப்பானிய தைக்கோ முரசோ, யிம் ஹோக்-மான் என்பவரின் சீன முரசுப் பதிவோ போட்டுக் காட்டியிருப்பார்கள். நெஞ்சுக்கூடு அதிர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து நம் கச்சேரி சிடி ஒன்றைப் போட்டதும் சப்பென்று ஆகியிருக்கும். எங்களுக்கும் அதுதான் நடந்தது. தம்பி பணம் அனுப்பி நல்ல ஸ்பீக்கர் வாங்கச் சொன்னான். அப்பாவையும் அழைத்துக்கொண்டு புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போனேன். தைக்கோ போட்டார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுசாகக் கேட்டார். "நல்லா அடிக்கிறாங்க. தோலு பெருசு, கட்டையும் பெருசு" என்றார். பிறகு தவில் போடச் சொன்னார். கடைப் பையன் கைபேசியில் எதையோ தேடி ப்ளூடூத்தில் போட்டான். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம், "ஏம்மா, தொப்பி எங்க காணோம்?" என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தவிலின் வலந்தலையை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள், இடப்பக்கத் தொப்பியைக் குச்சியால் அடிப்பார்கள். கூடு படுகிற சத்தம் சுள்ளென்று முன்னால் வரும். தொப்பி அதற்குக் கீழே விரிந்து நிற்கும். மட்டமான பதிவில் முதலில் காணாமல் போவது தொப்பிதான். மிருதங்கமும் அப்படியே. வலந்தலையில் விழும் சாப்பும் மீட்டும் கேட்கும், தொப்பியின் தொம் மட்டும் அட்டைப்பெட்டி தட்டினாற்போல் வரும். கடைப் பையன் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது: "நாயனம், மேளம் ரெக்கார்டிங்னா அப்படித்தான் சார் இருக்கும்."

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தொண்ணூறுகளில் அப்பா ஒரு நாகசுர கேசட்டுக்கு வாசித்தார். வெளியிட்டவர்கள் பெயர் வேண்டாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு பக்கமும் தோலுக்கு ஒட்டினாற்போல் மைக் வைத்தார்கள். சத்தம் தாங்கவில்லை என்று வலந்தலைப் பக்கத்தை அமுக்கினார்கள், மேலே எக்கோ ஏற்றினார்கள். கேசட்டின் ஒரு பக்கம் அரை மணி நேரம்தான் என்பதால் தாளக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், முடிவில் வரும் கோர்வை மட்டும் மிஞ்சியது. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கேசட்டை வீட்டில் போட்டுக் கேட்டதும் இல்லை.

போன வருடம் தம்பி ஊருக்கு வந்தபோது இரண்டு மைக் பொருத்திய கையடக்க ரெக்கார்டர் ஒன்று கொண்டுவந்தான். எங்களுடையது முற்றம் வைத்த ஓட்டு வீடு. அப்பாவைக் கூடத்தில் முற்றத்தைப் பார்த்தபடி உட்காரவைத்தோம். பின்சுவரில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டோம். ரெக்கார்டரை அவருக்கு நேர் எதிரே எட்டடி தள்ளி, தவிலைவிடக் கொஞ்சம் உயரத்தில் நிறுத்தினோம். கிட்டே வைத்தால் குச்சியும் கூடும் மட்டும்தான் விழும், அடித்தபின் நீண்டு நிற்கும் தோலின் கார்வை விழாது. ஆக உரத்த அடி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி பதிவு அளவைக் குறைத்து வைத்தோம் (பூஜ்யம்தான் உச்சம், அதைத் தாண்டினால் ஒலி உடையும்). தவிலின் ஓர் அடி எவ்வளவு எகிறும் என்பது அந்த முள் ஆடுவதைப் பார்த்தால்தான் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசிக்கச் சொன்னோம். எக்கோ, ஈக்வலைசர் எதுவும் சேர்க்கவில்லை.

அந்தப் பதிவுதான் நான் சொன்ன ஆதாரம். எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு வலந்தலை இடப்பக்கமாகவும் தொப்பி வலப்பக்கமாகவும் கேட்க வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே ஆள் மடியிலிருந்து வர வேண்டும். நிறைய ஸ்டூடியோ பதிவுகளில் வலந்தலை இந்தச் சுவரிலும் தொப்பி அந்தச் சுவரிலும் இருக்கும். பத்தடி நீளத் தவிலை எந்த மனிதர் தூக்குவார்? எங்கள் பதிவில் அப்பா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு கை காட்டலாம். அவரும் கேட்டார். "இதுல நான் இருக்கேன்" என்றார்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது வாத்தியம் வாசிக்கப்பட்ட இடமும் சேர்ந்து கேட்கிற பதிவுகளை. தாளக் கருவிகளுக்கு மட்டுமே ஆன தொகுப்பு என்று தேடினால் பாதி நல்லவை தப்பிவிடும்.

முதலில் நம்மவர்கள். ராம்நாடு கிருஷ்ணன் பாடி அமெரிக்காவின் நான்சச் நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் வெளியிட்ட பதிவில் டி. ரங்கநாதன் மிருதங்கம், வி. நாகராஜன் கஞ்சிரா. வாய்ப்பாட்டுப் பதிவுதான், ஆனால் அதில் மிருதங்கம் மிருதங்கமாகவே இருக்கிறது. திருச்சி சங்கரனின் 'லய வின்யாஸ்' முழுக்க முழுக்கத் தாளம். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் என்பதைத் தொப்பித் தோலை அழுத்திச் சுருதியை வளைக்கும் கும்கியிலேயே கண்டுகொள்வீர்கள். 1976இல் வந்த 'சக்தி' என்கிற இந்திய-மேலை இசைக் குழுவின் முதல் இசைத்தட்டு மேடையில் பதிவானது. விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் பேசிக்கொள்கிற இடங்களில் சின்னச் சின்ன அடிகூடத் தனித்துத் தெரியும். அதே இருவரும் அமெரிக்க டிரம்ஸ்காரர் மிக்கி ஹார்ட்டோடு சேர்ந்த 'பிளானட் டிரம்' 1991இல் வந்தது. உலக இசைக்கென்று கிராமி விருது தொடங்கியபோது முதல் விருது அதற்குத்தான். நீங்கள் "வெளிநாட்டுப் பதிவு" என்கிற அதில் அடித்திருப்பது மானாமதுரைக் கடத்தில் கை பழகிய நம்மூர்க்காரர்.

வெளிநாட்டில் எனக்குப் பிடித்தவையும் உண்டு. ஷெஃபீல்ட் லேப் நிறுவனத்தின் டிரம் தட்டில் ஜிம் கெல்ட்னரும் ரான் டட்டும் ஆளுக்கொரு தனி வாசிக்கிறார்கள். ஸ்பீக்கரைச் சோதிக்க உலகம் முழுக்கப் பலரும் எடுத்து வைப்பது அதைத்தான். ஆனால் ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் 1993இல் வந்த 'எ மீட்டிங் பை த ரிவர்' வாங்குங்கள். விஸ்வ மோகன் பட்டும் அமெரிக்கர் ரை கூடரும் கிதார் வகை வாத்தியங்களில் வாசித்தது. பதிவு செய்த கவி அலெக்சாண்டர் இலங்கையில் பிறந்தவர். கலிபோர்னியாவில் ஒரு தேவாலயத்தில் இரண்டே மைக் வழியாக எடுத்தார். தாள வாத்தியம் அதில் பக்கவாத்தியம்தான். இருந்தும் தபலாவின் இடக்கைப் பக்கமான பாயா தரையில் உட்கார்ந்திருப்பது கேட்கிறது.

டிஜிட்டல் பதிவின் நுணுக்கத்தைச் சொல்லும் எண்களைப் பிடித்துக்கொண்டு, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் இல்லாமல் என்ன தரம் என்று சிலர் வருவார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சாதாரண சிடியின் 16 பிட்டே ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் தாங்கும். ஃபேன் ஓடுகிற நம் வீட்டில் அதில் பாதிகூடக் காதுக்கு எட்டாது. கெடுப்பது எண்கள் இல்லை. மெல்லிய இடத்தைத் தூக்கி, உரத்த இடத்தை நசுக்கி, எல்லாவற்றையும் ஒரே சத்தமாக்குவதுதான் கெடுக்கிறது. ரீமாஸ்டர் என்று மறுபடி வந்த பல தட்டுகளில் இது நடந்திருக்கிறது. ஆகவே பழைய சிடி கிடைத்தால் அதையே எடுங்கள். குறைந்த பிட்ரேட் எம்பி3யும் வேண்டாம். எம்பி3யைச் சோதிப்பவர்கள் காஸ்டனெட் என்கிற ஸ்பானியச் சப்ளாக்கட்டையைத்தான் ஒலிக்க விடுவார்கள், ஏனென்றால் அடி விழுவதற்கு முன்னாலேயே ஒரு சலசலப்பு கேட்டுவிடும். கஞ்சிராவுக்கும் கடத்துக்கும் அதே கதிதான்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மிருதங்கத்தின் வலந்தலைக்குச் சுருதி உண்டு. நடுவில் இடும் கறுப்புப் பூச்சான கரணையால் அதன் மேலொலிகள் ஒன்றோடொன்று இசைந்து வருகின்றன என்று சி.வி. ராமன் 1920லேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். தனியில் 'நம்' என்று விழுந்ததும் அந்தச் சுருதி தம்புராவோடு சேர்ந்து கரைவது கேட்டால் பதிவு நல்ல பதிவு. வெறும் 'டக்' என்று நின்றால் விட்டுவிடுங்கள். தட்டின் அட்டையில் தனி ஆவர்த்தனம் எத்தனை நிமிடம் என்றும் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடம்தான் என்றால் வெட்டியிருக்கிறார்கள்.

காதைப் பழக்க இன்னொரு வழி, மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போய் சுவாமி புறப்பாட்டில் அதற்கென்றே உள்ள மல்லாரியை வாசிக்கும்போது மேளத்துக்குப் பத்தடி தள்ளி நடப்பது. மைக் கிடையாது, சுவர் கிடையாது. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று ஒரு காலத்தில் பிடிவாதமாக இருந்தது ஏன் என்று அங்கே புரியும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் தீபாராதனைக்கு மோட்டார் மேளம் மாட்டியிருக்கிறார்கள். சுவிட்சைத் தட்டினால் மணியும் முரசும் சேகண்டியும் தானே அடித்துக்கொள்ளும். காலம் காலமாக அங்கே தவில் வாசித்த குடும்பத்தில் இன்று ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். மேளக்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்கிறவர்கள் கோபுரத்துக்கு வண்ண விளக்கு போடுகிறார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கத்தரிக்கச் சொல்லாதீர்கள். வாசிக்க ஆளே இல்லாமல் போனால் எந்த மைக்கை வைத்து எதைப் பதிவு செய்வது?

கடைசியாக, ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், தொப்பி வீங்கிப் போகும். இரண்டடி முன்னால் இழுங்கள். ராத்திரி ஊர் அடங்கியபின் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். எங்களைப் போல் கடல் பக்கத்து ஊர் என்றால் உப்புக்காற்று இணைப்பு முனைகளைப் பச்சை பிடிக்கவைக்கும், அவ்வப்போது கழற்றித் துடையுங்கள்.

அப்பாவின் பதிவைக் கேட்டு நிறையப் பேர் தனிச் செய்தி அனுப்புவீர்கள் என்று தெரியும். பொதுவில் போட அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நாயனத்தோடு சேர்த்து ஒரு தடவை எடுத்துவிட்டுப் போடலாம் என்கிறார். எடுத்ததும் இந்தப் பதிலிலேயே இணைப்பைச் சேர்க்கிறேன்.