இந்திய மலேசிய உறவு 1957இல்தான் தொடங்கியதா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பதில்

"இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் தூதரக உறவு எப்போது தொடங்கியது, அதில் தோட்டத் தமிழர்களுக்கு ஏதாவது இடம் இருந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டு மட்டும் வேண்டுமென்றால் 1957 என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். மலாயா விடுதலை பெற்ற அந்த ஆண்டில்தான் இரு நாடுகளும் முறைப்படி தூதரக உறவு கொண்டன. ஆனால் பேராக் மாநிலத்தில், சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஆண்டு பாதிக் கதையாகவே படுகிறது. தூதரகம் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகவே டெல்லிக்கு இங்கே ஓர் ஆள் இருந்தார். அவர் இருந்ததே தோட்டக்காரர்களுக்காகத்தான்.

இந்திய அரசு 1922இல் குடிபெயர்வுச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் வழியாகக் கோலாலம்பூரில் 'இந்திய அரசின் ஏஜெண்டு' என்ற பதவி உருவாயிற்று. அன்றைய இந்திய அரசு என்பது வெள்ளைக்காரன் அரசுதான். மலாயாவை ஆண்டவனும் வெள்ளைக்காரன்தான். ஒரே முதலாளியின் இரண்டு கடைகளுக்கு இடையே தூதர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆயினும் காங்கிரசும் பத்திரிகைகளும் கூலிகளின் நிலைபற்றி ஓயாமல் கேள்வி எழுப்பியதால் டெல்லி பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஏஜெண்டு தோட்டங்களுக்குச் சென்று தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் மருத்துவமனையையும் சம்பளக் கணக்கையும் பார்த்து ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவார். ஆள் பிடித்து வந்து வேலை வாங்கும் கங்காணியையோ, தோட்டத்தை நிர்வகிக்கும் வெள்ளைக்காரத் துரையையோ தண்டிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது; எழுதுவது மட்டுமே அவருடைய வேலை.

அந்த எழுத்துக்கும் ஒருமுறை பலன் இருந்தது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் அரசியல் தலைவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியை இந்திய அரசு மலாயாவுக்கு அனுப்பி, தொழிலாளர் நிலைமையை ஆராயச் சொன்னது. மறு ஆண்டு வெளியான அறிக்கையில் அவர் தோட்ட நிர்வாகங்களைக் கடுமையாகத் தாக்கவில்லை. அதனாலேயே அன்று பலர் அவர்மீது வருத்தப்பட்டார்கள். இருந்தாலும் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றும், கங்காணி வழியாக ஆள் பிடிக்கும் முறையை நிறுத்த வேண்டும் என்றும் எழுதினார். 1938இல் ரப்பர் விலை சரிந்தது. தோட்ட நிர்வாகங்கள் கூலியில் ஐந்து காசைக் குறைத்தன. அந்த ஜூன் மாதமே, உதவிப் பணம் கொடுத்துக் கூலிகளைக் கப்பலேற்றுவதை இந்தியா தடை செய்தது. ஐந்து காசுக்காக ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திய அந்த நிகழ்வை, இரு நாட்டு உறவின் முதல் உண்மையான அத்தியாயமாக நான் கருதுகிறேன். கங்காணி காலம் அதோடு முடிந்தது.

போருக்குப் பிறகு, 1946 மார்ச்சில், நேரு சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இங்குள்ள இந்தியர்களின் கட்சியான மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. அடுத்து வந்தது, கம்யூனிஸ்டு கிளர்ச்சியை ஒடுக்க வெள்ளைக்காரன் அரசு அறிவித்த அவசரகாலம். அது எங்கள் ஊரிலேயே பிறந்தது எனலாம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே அது அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்றார். நேரு அரசு அவருக்காக மன்றாடியது, பயனில்லை. 1949 மே 4 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அதே போன்ற குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட சாம்பசிவம் மட்டும், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் அளித்த தீர்ப்பால் உயிர் தப்பினார். சுதந்திர இந்தியா இந்த மண்ணில் ஒரு தமிழ்த் தொழிலாளிக்காகப் பேசி, அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் அப்போதே தெரிந்துகொண்டது.

நான் படித்த மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். அப்போது அவர் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் தலைவர். அப்படிப்பட்டவர் எங்கள் சிறு நகரத்துக்கு வந்ததற்குக் காரணம், பள்ளியை அமைத்த எங்கள் ஊர்த் தோட்ட முதலாளியும் அரசியல்வாதியுமான வீ.தி. சம்பந்தன். அவர் அடுத்த ஆண்டே இந்தியர் காங்கிரசின் தலைவரானார்.

இதற்கிடையே ஒரு பெரிய முடிவு சத்தமில்லாமல் எடுக்கப்பட்டுவிட்டது. எந்த நாட்டில் வாழ்கிறீர்களோ அந்த நாட்டின் குடிமக்களாகிவிடுங்கள் என்பதே நேருவின் கொள்கையாக இருந்தது. இந்திய அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு, பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்திருந்தால் வெளிநாட்டிலேயே பதிந்து இந்தியக் குடிமகனாக ஆகலாம் என்று வழி வைத்திருந்தது. ஆனால் இரு நாட்டுக் குடியுரிமையையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. நியாயமான கொள்கைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தோட்டத்துக்கு வந்து புரியும்படி எடுத்துச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

என் பாட்டியின் தகரப் பெட்டியில் கடைசிவரை இருந்தது, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, வாளியைச் சுமந்து வந்தவருக்கு, குடியுரிமை விண்ணப்பப் பாரம் நிரப்ப ஈப்போ நகரத்துக்கு ஒரு நாள் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். அவருடைய தம்பியும் அப்படியே. 1969க்குப் பிறகு, குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களிலிருந்து சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பிப் போனதாகச் சொல்வார்கள். தம்பித் தாத்தா அதில் ஒருவர். பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறும்போது ஒரு தையல் மிஷினையும் இரண்டு போர்வைகளையும் கொண்டுபோனாராம். துறையூர்ப் பக்கம் அவரை 'மலேயாக்காரர்' என்றே கடைசிவரை அழைத்தார்கள் என்று பின்னாளில் கடிதம் வந்தது.

நான் வருத்தத்தோடு கவனிப்பது இதைத்தான்: அரசுகளைப் பொறுத்தவரை அதே காலம் நட்பின் பொற்காலம். 1962 அக்டோபர் இறுதியில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் இந்தியாவுக்குச் சென்றபோது சீனப் போர் நடந்துகொண்டிருந்தது. அவர் தயங்காமல் இந்தியாவின் பக்கம் நின்று, திரும்பி வந்ததும் ஜனநாயகத்தைக் காக்கும் நிதி என்று திரட்டி அனுப்பினார். இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து நின்ற ஆண்டுகளில் இந்தியா மலேசியாவை ஆதரித்தது. 1965இல் இந்திய பாகிஸ்தான் போரின்போது பாதுகாப்பு மன்றத்தில் மலேசியாவின் சார்பில் பேசிய ராதாகிருஷ்ண ரமணியின் உரை இந்தியாவுக்குச் சாதகமாக இருந்தது என்று கோபங்கொண்ட பாகிஸ்தான், அந்த அக்டோபரில் மலேசியாவோடு தூதரக உறவையே துண்டித்துக்கொண்டது. மறு ஆண்டுதான் அது சீரானது. இந்தியாவுக்காக மலேசியா ஒரு முஸ்லிம் நாட்டின் நட்பை இழந்து நின்ற ஓராண்டு அது. ஆனால் அந்த நட்பின் மொழியில் சிவப்பு அட்டைக்காரர்களுக்குச் சொல் இல்லாமல் போயிற்று. டெல்லிக்கு அவர்கள் மலேசியாவின் விஷயம். கோலாலம்பூருக்கு அவர்கள் இந்தியாவின் விஷயம்.

பிந்தைய வரலாறு பலருக்கும் தெரிந்ததே. 1980இல் வியட்நாம் அமர்த்திய கம்போடிய அரசை இந்தியா அங்கீகரித்ததால் ஆசியான் நாடுகளோடு கசப்பு; 1990களில் கிழக்கை நோக்கும் கொள்கையால் மீண்டும் நெருக்கம்; 2011இல் பொருளாதார ஒத்துழைப்பு உடன்பாடு. 2007 நவம்பரில், மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக ஹிண்ட்ராப் என்ற அமைப்பு நடத்திய பேரணிக்குப் பிறகு தமிழக முதல்வர் கருணாநிதி கவலை தெரிவித்தபோது, அது எங்கள் உள்விவகாரம் என்று இங்கிருந்து சூடாகப் பதில் போயிற்று. நேருவின் கொள்கையை இரு பக்கமும் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தன.

தோட்டம் இன்னொரு முறையும் இந்த உறவுக்குள் வந்தது. இம்முறை ஆளாக அல்ல, எண்ணெயாக. 2019 செப்டம்பரில் அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீர் ஐக்கிய நாடுகள் சபையில் காஷ்மீர் பற்றிப் பேசினார். 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. மலேசியாவில் அரசு மாறிய பின் சில மாதங்களில் வாணிபம் பழைய நிலைக்குத் திரும்பியது. என் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கரில் செம்பனை வைத்திருக்கும் அண்ணன் அந்த ஜனவரியில் தினமும் காலையில் நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தை முதலில் புரட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன் அவர் கால்பந்துப் பக்கத்தைத் தாண்டியதில்லை.

இன்று பாட்டி வேலை செய்த தோட்டத்தில் பெரட்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் வங்கதேசத்தாரும் இந்தோனேசியரும். 2022 ஜூலையில், ஆளெடுக்கும் முறை ஒப்பந்தப்படி இல்லை என்று சொல்லி, இந்தோனேசியா மலேசியாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று 1938 ஜூனில் இந்தியா போட்ட தடைதான் என் நினைவுக்கு வந்தது. லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு இந்தோனேசியத் தம்பியிடம் அதைச் சொன்னேன். "அப்போது கூலியை ஏற்றினார்களா?" என்று மட்டும் அவன் கேட்டான்.