நம் லைன் பையன்

அன்புள்ள அம்மா,

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் வேலை, அங்கேயே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறேன். அப்பா சுரங்கத் தொழிலாளி, இப்போது இல்லை. என் அம்மா லைன் வீட்டை, அதாவது சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீட்டை, விட்டு வர மறுக்கிறார். சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அவருடன் ரேஷன் கடைக்குப் போனேன். பல வருடம் ஊதுவத்தி உருட்டிய விரல்கள், இயந்திரத்தில் ரேகை விழவில்லை. கடைக்காரர் எங்கள் லைனிலேயே வளர்ந்தவர், அம்மாவை அத்தை என்றுதான் கூப்பிடுவார். "உங்களோடு எப்போதும் இதே தொல்லைதான் அத்தை, நாளைக்கு வாருங்கள்" என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். முந்தைய நாட்களிலும் இதையே சொல்லி அனுப்பியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் சத்தம் போட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "சுரங்கத்தையே மூடினார்கள், அதற்கே நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கொஞ்சம் அரிசிக்காக நம் லைன் பையனோடு சண்டையா?" என்று மாமா திட்டினார்.

பெங்களூரில் நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. நடைபாதையில் பைக் ஏறி வந்தால் ஒதுங்கிக்கொள்கிறேன். எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பார்த்துக்கொண்டே போகிறேன். ஊருக்குப் போனால் மட்டும் ஏன் இப்படிக் கொதிக்கிறது? சிறிய விஷயத்துக்கு அளவு மீறிக் கோபப்படுகிறேனா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் அளவு மீறவில்லை.

மாமாவின் பேச்சு எனக்குப் பழக்கமானது. நானும் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் லைனில் வளர்ந்தவள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து நம் ஊரில் மற்ற எல்லாக் குறைகளும் அந்த ஒன்றின் முன்னால் சில்லறையாகிவிட்டன. குழாயில் தண்ணீர் வரவில்லையா, அதைவிடப் பெரியதை இழந்தோமே என்பார்கள். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்பும் தூசி சோற்றில் விழுகிறதா, அதற்கும் அதே பதில். அந்தப் பதிலைச் சொல்பவர்கள் வலியோடுதான் சொல்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதனால் நிம்மதி அடைகிறவர்கள் குழாயைத் திறக்க வேண்டியவர்களும் தூசியைத் தடுக்க வேண்டியவர்களும்தான்.

மாமாவிடம் ஒன்றைக் கேளுங்கள். 1930இல் தங்கவயல் தொழிலாளர்கள் எதற்காக வேலையை நிறுத்தினார்கள் என்று அவருக்குத் தெரியுமா? தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவுசெய்ய வேண்டும் என்ற புதிய விதியை எதிர்த்துத்தான். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள், ஊர்த் தெருவின் அடிமைத்தனம் வேண்டாம் என்று பாறைக்கு அடியில் போய் உழைத்தவர்கள். பாறை சரிந்து சாவதும் நுரையீரலில் தூசி படிவதும் அவர்களுக்குத் தினசரி வாழ்க்கை. அதையெல்லாம் தாங்கியவர்கள், விரலில் மை தடவி எங்களைக் குற்றவாளிபோலப் பதியாதே என்று நின்றார்கள். சுரங்கங்கள் வாரக்கணக்கில் ஓடவில்லை. இதைச் சிறிய விஷயம் என்று அன்றும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

ரேகை தர மாட்டோம் என்று நின்றவர்களின் பேத்திகள் இன்று ரேகை தரத் தயாராக வரிசையில் நிற்கிறார்கள், இயந்திரம் வாங்கிக்கொள்ள மறுக்கிறது. ஊதுவத்தி மாவும் சிமென்ட்டும் முதுமையும் விரல் நுனியைத் தேய்த்துவிடும். அது உழைத்ததன் அடையாளம். அதற்காக ஒரு பெண்ணை ஊர் முன்னால் தொல்லை என்று சொல்வதைக் கேட்டு உங்களுக்கு இரத்தம் கொதிக்காமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

ரேகை விழவில்லை என்பதற்காக அரிசியை மறுக்க முடியாது. கருவிழிப் பதிவும் தொலைபேசிக்கு வரும் எண்ணும் இருக்கின்றன. அவையும் பயன்படாவிட்டால் அட்டையைப் பார்த்து, விதிவிலக்கு என்று பதிவேட்டில் எழுதி, பொருளைக் கொடுக்க வேண்டும் என்று ஆதார் ஆணையமே 2017இல் அறிவுறுத்தியிருக்கிறது. 2018 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும், ரேகை பொருந்தாததால் உரியவருக்கு உதவி மறுக்கப்படக் கூடாது என்பது பதிவாகியிருக்கிறது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாவட்டந்தோறும் குறைதீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது, ஒவ்வொரு நியாயவிலைக் கடைக்கும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் லைன் கடைக்கு அந்தக் குழு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பலரை நாற்காலியிலிருந்து எழுப்பும்.

இனி அந்தக் கடைக்காரர். இங்கேதான் சிறிய ஊர் நம்மைக் கட்டிப்போடுகிறது. அவர் பதிவில்லாமல் அரிசி கொடுத்தால் நாளை கணக்கு கேட்பார்கள், அந்தப் பயம் அவருக்கு உண்மையாகவே இருக்கலாம். அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் பதிவேட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியது அவர் வேலை. அத்தை என்று கூப்பிடுகிறவருக்கு அந்த வேலையில் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும். நம் ஊரிலோ அந்த உறவுச்சொல்லே வரிசையில் நிற்பவர்களின் வாயை அடைக்கப் பயன்படுகிறது. யாரும் அன்னியரிடம் இவ்வளவு பொறுத்துப்போக மாட்டார்கள்.

அம்மா உங்களை இழுத்துக்கொண்டு வந்ததைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து ஒயிட்ஃபீல்டுக்கு வந்துவிடுவீர்கள், அடுத்த மாதமும் அதே வரிசையில் நிற்கப்போகிறவர் அவர். ஊருக்கு வந்து போகிறவனின் சத்தத்துக்கு உள்ளே இருப்பவர்கள் விலை கொடுக்கிறார்கள். அதனால் சத்தத்தை மனுவாக மாற்றுங்கள். லைனில் வேறு யார் யாருக்கு ரேகை விழுவதில்லை என்று அம்மாவிடம் கேளுங்கள், வீடு வீடாகச் சொல்வார். அவர்கள் எல்லோருடைய பெயரும் வரட்டும். கடைக்காரரின் பெயரை அதில் எழுத வேண்டாம். பதிவேடு வேண்டும், மாற்று வழி வேண்டும், அலையவிடக் கூடாது என்று மட்டும் கேளுங்கள். முதலில் கடைக்காரரிடமே அதைக் காட்டுங்கள். அவரும் கையெழுத்துப் போடக்கூடும், ஏனென்றால் அந்தப் பதிவேடு அவரையும் காப்பாற்றும்.

இதையெல்லாம்விட உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது வேறொரு வாக்கியம். மாடிப்படியில் சாப்பிடும் பெண்கள். நீங்கள் அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவர்களில் சிலர் விடியுமுன் எழுந்து, உங்கள் அம்மாவின் லைனுக்குப் பக்கத்து லைனிலிருந்தே, பங்காருபேட்டை வழியாக அந்த ரயிலில் வருகிறவர்களாக இருக்கலாம். பெங்களூர் அல்சூரில் என் தெருவில் இருக்கும் ஒரு பெண், வேலை செய்யும் கட்டடத்தில் கழிப்பறைக்கு அனுமதி இல்லாததால் மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டு வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று கர்நாடகம் 2004இலேயே அறிவித்தது. தண்ணீர் குடிக்கவும் உட்காரவும் இடம் வேண்டும் என்பதை அந்தக் கட்டடத்தில் இன்னும் யாரும் பேசவில்லை.

ஊரில் கொதிப்பதற்குக் காரணம், அங்கே அவமானப்பட்டவர் உங்கள் அம்மா. இங்கே படியில் உட்கார்ந்திருப்பவரின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. நாளைக் காலையில் கேளுங்கள். எந்த ஊர், எந்த ரயில், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள் என்று கேளுங்கள். பெருநகரத்தில் ஒதுங்கிப்போவது பக்குவம் என்று நம்மில் பலர் பழகியிருக்கிறோம். நான் அதை ஏற்கவில்லை.

வாடகைக்கு இருப்பவனுக்குக் குடியிருப்போர் சங்கத்தில் ஓட்டு இல்லை என்பீர்கள். கடிதம் எழுத ஓட்டு வேண்டியதில்லை. மின்விசிறி உள்ள ஓர் அறை, பூட்டப்படாத ஒரு கழிப்பறை, எல்லோரும் ஏறும் லிஃப்டில் ஏற அனுமதி, இவ்வளவுதான் கேட்க வேண்டியது. அந்தப் பெண்களிடம் முதலில் பேசிவிட்டு எழுதுங்கள். யார் சொன்னார்கள் என்று தேடி வேலையை விட்டு நிறுத்துகிறவர்கள் உண்டு, அதனால் அவர்கள் பெயர் வெளியே வரக் கூடாது.

ஊர் மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள், தாலுகா அலுவலகத்தில் உடனே படிப்பார்கள். நகலில் 'பெறப்பட்டது' என்று தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். எழுத உதவி வேண்டுமானால் எனக்குத் தெரிவியுங்கள், அல்சூரில் அதைச் செய்து தரும் நண்பர்கள் இருக்கிறார்கள்.

அன்புடன்.