1890-இல் காணாமல் போன எள்ளுத்தாத்தா
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மருமகன் அமெரிக்கர். அவருடைய எள்ளுத்தாத்தா 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒஹாயோவில் வயது 34 என்று இருக்கிறார். 1900-இல் மனைவி மட்டும், விதவையாக. இடையில் 1890-இல் யாருமே அகப்படவில்லை. பெயரை எப்படியெல்லாமோ எழுத்துக்கூட்டித் தேடிவிட்டேன்.

பதில்: தேடுவதை நிறுத்துங்கள், அந்த ஏடுகளே இல்லை. 1921 ஜனவரி 10-ஆம் தேதி வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. தீ பாதி, அணைக்க அடித்த தண்ணீர் பாதி என்று நாசமானது. மிஞ்சியதையும் 1930-களில் அரசே அழித்துவிட்டது. நாடு முழுவதற்கும் சேர்த்து இன்று ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்கள்தான் மீதி.

ஆனால் அதே 1890-இல், உள்நாட்டுப் போரில் வடதரப்புக்காகப் போரிட்டவர்களையும் அவர்களுடைய விதவைகளையும் தனிப் பட்டியலாக எடுத்தார்கள். அதில் அகர வரிசையில் முன்னால் வரும் மாநிலங்கள், கென்டக்கியில் பாதி வரை, போய்விட்டன. ஒஹாயோ தப்பித்தது. 1861–65-இல் இவருக்குப் படையில் சேரும் வயதுதான். எனவே பட்டியலில் அவர் மனைவி பெயரையும் பாருங்கள். கணவர் பெயர், அவர் இருந்த படைப்பிரிவு (ரெஜிமென்ட்), அதன் உட்பிரிவு (கம்பெனி), சேவை செய்த காலம் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும்.

கேள்வி: அந்த அம்மாளின் பிறந்த வீட்டுப் பெயர் எங்கே கிடைக்கும்?

பதில்: கணக்கெடுப்பில் கிடைக்காது. ஓய்வூதியக் கோப்பில் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1890 ஜூன் 27-ஆம் தேதிச் சட்டப்படி, கணவர் 90 நாள் சேவை செய்திருந்தால், அவர் எதனால் இறந்தார் என்று பாராமல், உழைத்துப் பிழைக்கும் விதவைக்கு ஓய்வூதியம் உண்டு. கேட்டவர் திருமணத்தை நிரூபிக்க வேண்டும். அதனால் திருமணப் பதிவின் நகல், கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களின் உறுதிமொழி, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பிறந்த தேதி எல்லாம் கோப்பில் சேர்ந்திருக்கும். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 85-ஆம் எண் படிவத்தில் கேளுங்கள். சில பக்கங்கள் போதும் என்று எழுதாமல் முழுக் கோப்பையும் கேளுங்கள். ஓய்வூதியக் கோப்புகளுக்கான அட்டவணை அட்டையில் விதவையின் ஓய்வூதியச் சான்றிதழ் எண் காலியாக இருந்தால் மனு தள்ளுபடியானதாக இருக்கலாம். அப்போதும் கோப்பு இருக்கும். தென்தரப்பு வீரர் என்றால் இந்த வழி உதவாது, ஓய்வூதியம் கொடுத்தவை அந்தந்த மாநிலங்கள்.

இன்னொரு வழி கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவு. ஒஹாயோவில் 1852 முதல் திருமணங்களைப் பதிந்தது கவுண்டியின் புரோபேட் நீதிமன்றம் (உயில், சொத்துரிமை விவகாரங்களைப் பார்ப்பது). முதலில் பெண் வீட்டார் வாழ்ந்த கவுண்டியில் பாருங்கள், கல்யாணம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். பிறப்பு, இறப்புப் பதிவும் 1867-இலிருந்து 1908 டிசம்பர் வரை அதே நீதிமன்றத்தில்தான்.

ஒரு எச்சரிக்கை: குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வியே 1880-இல்தான் வந்தது. 1870 ஏட்டில் அவர் பெயருக்குக் கீழே ஒரு பெண் பெயர் இருந்தால் உடனே மனைவி என்று எழுதிவிடாதீர்கள். தங்கையாக இருக்கலாம், வீட்டு வேலைக்கு வந்தவராகவும் இருக்கலாம்.

கேள்வி: கல்லறைக் கல்லில் '1889 மார்ச் 14 இறப்பு; வயது 43 ஆண்டு 7 மாதம் 20 நாள்' என்று இருக்கிறது. ஆனால் 1880 கணக்குப்படி பிறப்பு 1846. எது சரி?

பதில்: இரண்டும் ஒத்துப்போகின்றன. கல்லில் இருப்பதைப் பின்னோக்கிக் கழியுங்கள். 43 ஆண்டு போனால் 1846 மார்ச் 14. ஏழு மாதம் போனால் 1845 ஆகஸ்ட் 14. இருபது நாள் போனால் 1845 ஜூலை 25. அந்தக் காலக் கணக்கெடுப்பில், எழுத வந்தவர் எந்த நாள் வந்தாலும், வயது ஜூன் 1-ஆம் தேதி நிலவரப்படி கேட்கப்பட்டது. 1880 ஜூன் 1 அன்று அவருக்கு 35 ஆகவில்லை, 34 சரிதான். 1880-இலிருந்து 34-ஐக் கழித்து 1846 என்று முடிவு கட்டியதில்தான் ஓராண்டு நழுவியது. நாள் கணக்கில் ஒன்றிரண்டு நாள் பிசகலாம்.

கேள்வி: அவருடைய அப்பா ஜெர்மனியிலிருந்து வந்தபோது எல்லிஸ் தீவு (நியூயார்க் துறைமுகக் குடியேற்ற நிலையம்) அதிகாரிகள் குடும்பப் பெயரை மாற்றிவிட்டதாகச் சொல்கிறார்களே?

பதில்: மகன் ஒஹாயோவில் பிறந்தது 1845, எல்லிஸ் தீவு திறந்தது 1892 ஜனவரி 1. எந்தத் துறைமுகமானாலும் பயணிகள் பட்டியலை எழுதிக்கொண்டு வந்தது கப்பல்காரர்கள். பெயரைப் பெரும்பாலும் குடியேறியவர்களே பிறகு மாற்றிக்கொண்டார்கள். ஷ்மிட் ஸ்மித் ஆனார், கோக் குக் ஆனார். கணக்கெடுக்க வந்தவரும் காதில் விழுந்தபடி எழுதினார். ஆகவே எழுத்தை விட்டு ஒலியை வைத்துத் தேடுங்கள்.