காய் விடுதல்

அன்புள்ள அம்மா,

உங்கள் கட்டுரைகளை மூன்று வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும்.

எங்கள் வீட்டில் லட்டு என்று ஒரு லாப்ரடார், இரண்டு வயது. என்னை விட்டு ஓரடி நகராது. நான் குளித்தால் குளியலறை வாசலில் படுத்திருக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மீட்டிங் தொடங்கியதும் குரைக்கும், முன்னங்காலால் தொடையைப் பிராண்டும், லேப்டாப் மேல் தலையை வைக்கும். திட்டினால் இன்னும் குஷியாகிவிடுகிறது. ஒரு பயிற்சியாளரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "நீங்க கவனிக்கறதாலதான் செய்யுது. கண்டுக்காம விடுங்க, தானா அடங்கும்" என்றார். நான்கு நாள் அப்படியே செய்தேன். அடங்கவில்லை, மூன்று மடங்கு கூடிவிட்டது. இப்போது செருப்பைத் தூக்கி வந்து என் எதிரிலேயே வைத்துக் கடிக்கிறது. சனிக்கிழமை முழுக்க அதன் முகத்தையே நான் பார்க்கவில்லை. ராத்திரி மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. என் ஆறு வயது மகள், "அப்பா, லட்டு கூட காய் விட்டுட்டியா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு (என் அம்மா) இந்த வைத்தியமே பிடிக்கவில்லை.

இப்படிப் புறக்கணிப்பது பலன் தருமா, இல்லை கொடுமையா? இன்னொரு நாய் வாங்கினால் சரியாகுமா? கருத்தடை செய்தால் ஒட்டிக்கொள்வது குறையும் என்கிறார்களே? நாங்கள் எல்லோரும் வெளியே போனால் வாசல் கதவருகே ஒன்றுக்குப் போய் வைக்கிறது, அதற்கும் இதே வழிதானா?

ச.,
கோவை

அன்புள்ள ச.,

இன்னொரு நாய் வேண்டாம். இப்போது ஒன்று பிராண்டுகிறது, அப்புறம் இரண்டு பிராண்டும். கருத்தடையை டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். அதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. லேப்டாப் மேல் தலை வைப்பது அந்தக் கணக்கில் வராது.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் மகளின் கேள்விக்காக. பத்து நாளாக நானும் இந்தக் காய் விடுகிற விஷயத்தையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் சாய்வு நாற்காலிக்குக் கித்தான் மாற்றக் கொடுத்திருந்தேன். ஆசாரி திரும்பக் கொண்டுவந்தபோது வலது கைக்கட்டையைத் தடவிக் காட்டி, "இந்த எடத்துல மட்டும் ரொம்ப ஆழமா இருக்கும்மா. நாய் வளத்தீங்களா?" என்றார். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் பயிற்சியாளர் தப்பாகச் சொல்லவில்லை. பாதி சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாய் ஒரு காரியம் செய்கிறது, கூலியாக நீங்கள் கிடைக்கிறீர்கள். நீங்கள் என்றால் உங்கள் கண், குரல், கை. "ச்சீ போ" என்பதும் குரல்தான். தள்ளிவிடுவதும் கைதான், லாப்ரடாருக்கு அது விளையாட்டு. கூலியை நிறுத்தினால் வேலை நிற்கும். இதை ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் முதலில் பார்த்ததே ஒரு கோளாறில்தான். அவருடைய பெட்டிக்குள் எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும். ஒருநாள் தீனி போடுகிற கருவி சிக்கிக்கொண்டது. தீனி வராமல் எலி எப்படி அழுத்தியது, எப்படி மெல்ல மெல்ல விட்டது என்பதெல்லாம் தானாகவே வரைபடத்தில் பதிவாகியிருந்தது.

ஆனால் எந்தப் பிராணியும் மரியாதையாக விட்டுவிட்டுப் போகாது. அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்போமே, அதுதான். லிஃப்ட் வரவில்லை என்றால் நாம் மட்டும் என்ன செய்கிறோம்? அதே பொத்தானை ஏழு தடவை குத்திவிட்டு, கட்டிடம் கட்டினவனைத் திட்டிக்கொண்டு படியேறுகிறோம். லட்டு நான்கு நாளாகப் பொத்தானைக் குத்திக்கொண்டிருக்கிறது. செருப்பு ஏழாவது குத்து. நீங்கள் என்ன செய்தீர்கள்? பிடுங்க ஓடியிருப்பீர்கள். குரைத்தால் வராத மனுஷன் செருப்பைக் கடித்தால் வருகிறான் என்று பாடம் நடத்திவிட்டு, வைத்தியம் பலிக்கவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். முதலில் செருப்புகளை அலமாரிக்குள் வையுங்கள்.

அடுத்து உங்கள் அம்மா. அடைப்புக்குறி போட்டு 'என் அம்மா' என்று விளக்கம் வேறு கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் நான்கு நாளும் அந்த வரியில்தான் ஓட்டை விழுந்து ஒழுகியிருக்கிறது. வைத்தியம் பிடிக்காத பாட்டிகள் சும்மா இருப்பதில்லை, நானும் அந்த வயதுக்காரிதான். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இட்லித் துண்டு போகும். "யாரும் பாக்கல, தின்னுக்கோ" என்று போகும். நாலு பேர் உள்ள வீட்டில் மூன்று பேர் கண்டுகொள்ளாமல் இருந்தோம், முக்கால் பங்கு பலன் வரவேண்டாமா என்று கேட்காதீர்கள். வராது. முன்னைவிட மோசமாகும். தினமும் தவறாமல் கூலி வாங்கின பிராணி, கூலி நின்றால் சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது, எப்போது என்று தெரியாமல் வாங்கின பிராணி லேசில் விடாது. ஸ்கின்னரும் அவரோடு வேலை பார்த்த ஃபெர்ஸ்டரும் 1957ல் இதற்காகவே தலையணை கனத்தில் ஒரு புத்தகம் போட்டார்கள். தலையணை வேண்டாம் என்றால் நம் ஊர் லாட்டரிக் கடைகளை நினைத்துப் பாருங்கள். என்றைக்கோ ஒருநாள் விழுந்த ஐம்பது ரூபாயை நம்பி எத்தனை பேர், 2003ல் அரசாங்கம் தடை செய்கிறவரை, தினசரி அங்கே போய் நின்றார்கள். உங்கள் அம்மா லட்டுக்கு லாட்டரிக் கடை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காக அவர்களை அதட்டாதீர்கள். வேலை கொடுங்கள். லட்டுவுக்கு ஒரு பாய் போடுங்கள். அது பாயில் நாலு காலையும் நீட்டிப் படுத்திருக்கும்போது, அப்போது மட்டும், இட்லித் துண்டு கொடுப்பது அம்மாவின் பொறுப்பு. கூடவே "நல்ல பிள்ளை" என்று ஒரு வார்த்தை. உங்கள் பயிற்சியாளர் சொல்லாமல் விட்ட பாதி இதுதான். தொடையைப் பிராண்டுகிற வழியை மட்டும் அடைத்தால் அது வேறு எங்கே போகும்? உங்களிடம் வருவதற்கு இன்னொரு வழி திறந்திருக்க வேண்டும், அந்த வழி பிராண்டுவதைவிட லாபமாகவும் இருக்க வேண்டும். மீட்டிங்குக்கு முன்னால் அரை மணி நேரம் நடக்கக் கூட்டிப் போங்கள். மறுபடியும் பிராண்டினால் பேசாமல், பார்க்காமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்துங்கள். இருபது எண்ணுங்கள். அமைதியாக இருந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

இருபது வினாடி. சனிக்கிழமை முழுக்க இல்லை.

தம்பி, சனிக்கிழமை நீங்கள் செய்ததற்கு வைத்தியம் என்று பெயர் இல்லை. காலையில் குரைத்ததற்காக மாலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களே, மாலையில் அது என்ன செய்துகொண்டிருந்தது? தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கும். ஆக, தண்ணீர் குடித்ததற்குத் தண்டனை. மூலையில் போய்ப் படுத்தது அடங்கிவிட்டதன் அடையாளம் என்றா நினைத்தீர்கள்? 1970களில் ட்ரானிக் என்றொரு உளவியலாளர் தாய்மார்களிடம், குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் காட்டாதீர்கள் என்றார். குழந்தை சிரித்துப் பார்க்கும். கையை நீட்டிப் பார்க்கும். கீச்சென்று கத்தும். அப்புறம் தன் முகத்தையும் திருப்பிக்கொள்ளும்.

எனக்கு அந்தப் பரிசோதனை பத்தொன்பது நாள் நடந்தது. எங்கள் வீட்டில் அடி கிடையாது. அப்பா தலைமையாசிரியர், பிரம்பு பள்ளிக்கூடத்தோடு சரி. வீட்டில் பேசாமல் இருப்பார். பதிமூன்று வயதில் சொல்லாமல் கொள்ளாமல் சிநேகிதிகளோடு ஆற்றுக்குப் போய், புதுக் குடையைத் தாமிரபரணியில் விட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு நிறுத்தினார். மூன்றடி தள்ளி நான் நிற்பேன், அம்மாவைப் பார்த்து, "அவளச் சாப்பிடச் சொல்லு" என்பார். இருபதாம் நாள் காலையில், "மழ வாற மாதிரி இருக்கு, என் கொடைய எடுத்துட்டுப் போ" என்றார் என்னைப் பார்த்து. அவ்வளவுதான், முடிந்தது. ஏன் அன்றைக்கு முடிந்தது என்று இன்றுவரை தெரியாது. குற்றம் ஆற்றுக்குப் போனதா, குடையைத் தொலைத்ததா, சொல்லாமல் போனதா, அதுவும் தெரியாது. அவர் செருப்புச் சத்தத்தை வைத்து அன்றைய மனநிலையைக் கண்டுபிடிக்க மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டேன். ஊடலை வள்ளுவர் உப்பு என்கிறார், அளவோடு இருந்தால் ருசி, கொஞ்சம் கூடினால் கெட்டது. காதலர்களுக்குச் சொன்னதுதான். தலைமையாசிரியர்களும் படித்திருக்கலாம்.

இதே காரியத்தை நானும் செய்தேன். எங்கள் வீட்டில் செவலை இருந்தான், தெருவிலிருந்து வந்தவன். நான் எழுத உட்கார்ந்தால் முந்தானையைப் பிடித்து இழுப்பான். ஒருநாள் திருத்தி வைத்திருந்த அச்சுப் பிரதியில் நாற்பது பக்கத்தைக் கிழித்துப் போட்டான். இரண்டு நாள் அவனைப் பார்க்கவில்லை, பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். இரண்டாம் நாள் சாயங்காலம் அரிவாள்மனையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். வந்து தாடையை என் கால் பெருவிரல் மேல் வைத்தான். காலை இழுத்துக்கொண்டேன். அவன் மறுபடி வைக்கவில்லை. குதிகாலுக்கு அரை விரற்கடை தள்ளிப் படுத்துக்கொண்டான். மூச்சு மட்டும் வந்து சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது.

அப்போது அப்பா எங்களோடுதான் இருந்தார், எண்பத்தொரு வயது. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "ஏட்டி, அது என்னத்தக் கண்டுது? எதுக்குன்னே தெரியாம எத்தன நாள் கெடக்கும்?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பீன்ஸை நறுக்கினேன்.

அந்த வீட்டில் அவனுக்குப் பழக்கம் சொல்லிக்கொடுத்தது அப்பா ஒருத்தர்தான். வந்த புதிதில் செவலை அவர் நாற்காலியின் வலது கைக்கட்டையைப் பிராண்டிக்கொண்டே நிற்பான். அப்பா செய்தித்தாளை இறக்க மாட்டார். 'போ' என்றுகூடச் சொல்ல மாட்டார். பிராண்டிப் பிராண்டி அலுத்துப்போய்த் தரையில் பொத்தென்று விழுவான். விழுந்த மாத்திரத்தில் தாளுக்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு கை இறங்கும். காதுக்குப் பின்னால் இரண்டு விரல். பக்கம் புரட்ட வேண்டியிருந்தால் மேலே போய்விட்டுத் திரும்ப வரும். இரண்டே வாரத்தில் செவலை பிராண்டுவதை விட்டுவிட்டான். நேராக வந்து படுத்துக்கொண்டு அந்தக் கையைப் பார்ப்பான். என் முந்தானையைக் கடைசிவரை இழுத்துக்கொண்டுதான் இருந்தான். அடுக்களையிலிருந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கும். நாயின் மேல் பொறாமை, எழுதவே வெட்கமாயிருக்கிறது.

ஆசாரி இழைப்புளியைக் கையில் எடுத்துவிட்டார். அந்த இடத்தைத் தொடாமல் வார்னிஷ் மட்டும் அடிக்கச் சொன்னேன்.

உங்கள் கேள்வி எங்கேயோ போய்விட்டது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறேன், நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதின வரி. ஆளில்லாத வீட்டில் வாசல் கதவருகே ஒன்றுக்குப் போகிறது என்றீர்கள். அங்கே யாருடைய கவனத்தைக் கேட்டு அது செய்கிறது? அது குறும்பு இல்லை. பெரும்பாலும் பயம். ஒரு போனை வீடியோ பதிவில் வைத்துவிட்டு எல்லோரும் அரை மணி நேரம் வெளியே போய்ப் பாருங்கள். மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், கதவைப் பிராண்டுதல், நிலைகொள்ளாமல் இங்குமங்கும் நடப்பது, இதெல்லாம் தெரிந்தால் தனிமையைத் தாங்க முடியாத நாய். அதனிடம் பாராமுகம் காட்டுவது தண்ணீரில் தத்தளிக்கிறவனைக் கண்டுகொள்ளாமல் விடுவது மாதிரி. அதற்குச் சில வினாடி வெளியே போய் வருவதிலிருந்து தொடங்கி, அது பதறுவதற்கு முன்னாலேயே திரும்பி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்ட வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகலாம். இதற்கு மருந்தும் இருக்கிறது. மனிதர்களின் மனநோய்க்குக் கொடுக்கிற குளோமிப்ரமினை, நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்குக் கொடுக்கலாம் என்று 1998ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும், பயிற்சியோடு சேர்த்து. நீங்களாக மருந்துக்கடையில் போய்க் கேட்டு வாங்கினீர்கள் என்று தெரிந்தால் நானும் உங்களோடு காய்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சிறுநீர்ப் பரிசோதனை. கிருமித் தொற்றாகக்கூட இருக்கலாம், அப்படியானால் மேலே எழுதினதில் பாதி வேண்டாம். திங்கட்கிழமையே கூட்டிப் போங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.