மதுரையில் பள்ளிக்கூட அவசரத்தில் பிள்ளைக்குத் தினமும் சாக்லேட் சீரியல் கொடுக்கலாமா? பாலில் போட்டதும் ஏன் குழைந்துவிடுகிறது?

வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பரவாயில்லை, தினமும் வேண்டாம். பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு பின்பக்கம் பாருங்கள். 100 கிராமுக்குச் சர்க்கரை 30 கிராம் என்றிருந்தால், 30 கிராம் கிண்ணத்தில் 9 கிராம் போகிறது. இரண்டு டீஸ்பூனுக்கு மேல். அதற்கு மேல் பாலிலும் சீனி போடுவதுதான் நம் வீட்டுத் தப்பு.

சீரியலுக்கு உள்ளே முழுக்கக் காற்றறைகள். காய்ச்சின சூட்டோடு பாலை ஊற்றினால் சட்டென்று உறிஞ்சிக் கூழாகிவிடும். ஆறின பாலைக் கிண்ணத்தில் ஊற்றி, பிள்ளை உட்கார்ந்த பிறகு மேலே தூவுங்கள். பிரித்த பாக்கெட்டை எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி மூடுங்கள், இல்லாவிட்டால் நமத்துவிடும், எறும்பும் வரும்.

வீட்டிலேயே செய்ய, கீழமாசி வீதி மளிகைக் கடையில் வாங்கிய உப்பில்லாத பொரி 2 கப்பை வெறும் சட்டியில் மொறுமொறுவென வறுங்கள். 2 டேபிள்ஸ்பூன் வெல்லத்தை 1 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் காய்ச்சுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருட்ட வரவேண்டும். அடுப்பை அணைத்து, சலித்த கோகோ 2 டீஸ்பூன், நெய் அரை டீஸ்பூன் கலந்து பொரியைப் புரட்டுங்கள். பதம் வராத பாகில் போட்டால் பொரி சவசவத்துப் போகும். அதைத் திரும்ப வறுத்தாலும் கோகோ கருகிக் கசக்கும்.