வீட்டுப் பட்டறையில் சிஎன்சி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கோவையில் வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஷெட்டில், நானே கூட்டிய சிஎன்சி மர ரவுட்டர் ஒன்றை, அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி மரத்தை வெட்டும் மெஷினை, ஆறு வருடமாக ஓட்டுகிறேன். அர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டு, அதில் மோட்டார்களை ஓட்டும் ஜிஆர்பிஎல் என்ற சாஃப்ட்வேர், ஒரு பழைய லேப்டாப், இவ்வளவுதான். வந்த கேள்விகள் பலவும் மெஷினைப் பற்றியவை போலத் தெரிந்தாலும், தோண்டிப் பார்த்தால் கம்ப்யூட்டருக்கும் போர்டுக்கும் நடுவில் நடப்பதில்தான் போய் நிற்கின்றன.

கேள்வி: அண்ணா, இதற்கு எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வேண்டும்? கேமிங் பிசி வாங்கச் சொல்கிறார்கள். (கல்லூரி மாணவர், சேலம்)

வேண்டாம் தம்பி. ஜிஆர்பிஎல்லில் கம்ப்யூட்டரின் வேலை ஜி-கோடை, அதாவது எங்கே எவ்வளவு வேகத்தில் நகர வேண்டும் என்ற கட்டளைகளை, வரி வரியாக அனுப்புவது மட்டும்தான். எந்த நொடியில் எந்த மோட்டாருக்கு எத்தனை பல்ஸ் (மோட்டாரை ஒரு படி நகர்த்தும் மின்துடிப்பு) என்பதைக் கணக்குப் போடுவது போர்டு. ஊனோவில் 128 பைட் அளவுக்கு வரிகளை வாங்கி வைத்துக்கொண்டு, பதினாறு அசைவுகள் வரை முன்கூட்டியே திட்டமிட்டு ஓட்டும். பத்து வருடப் பழைய லேப்டாப் தாராளமாகப் போதும். ஆனால் அது பட்டறைக்கென்றே இருக்கட்டும். ஸ்லீப் போகாமல் வையுங்கள், வேலை ஓடும்போது நெட்டைத் துண்டித்துவிடுங்கள், டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ஹப்பின் மின்சேமிப்பு டிக்கை எடுத்துவிடுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல பிட் (மரத்தை வெட்டும் கத்தி) வாங்குங்கள்.

கேள்வி: சார், ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) போட்டுப் பத்து நிமிடத்தில் போர்டோடு தொடர்பு அறுந்து வேலை நின்றுவிடுகிறது. யூஎஸ்பி கேபிளை மூன்று தடவை மாற்றிவிட்டேன். (ஓசூர்)

முதலில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். பிட்டை மரத்துக்கு மேலே தூக்கி அங்கே ஜீரோ (தொடக்கப் புள்ளி) வைத்து, ஸ்பிண்டில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே ஃபைலைக் காற்றில் ஓட்டுங்கள். முழுசாக ஓடி முடிந்தால் உங்கள் கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை, ஸ்பிண்டிலின் மின் இரைச்சல்தான் யூஎஸ்பிக்குள் புகுகிறது. அப்போதும் நின்றால், மேலே சொன்ன மின்சேமிப்பைப் பாருங்கள்.

எனக்கு இது நடந்தது ஒரு தேக்குப் பெயர்ப் பலகையில், கடைசி எழுத்துக்கு முந்தைய எழுத்தில். மூன்று மணி நேர வேலை போனது. அப்புறம் குனிந்து பார்த்தால், என் மெஷினில் ஸ்பிண்டிலாக உள்ள ரவுட்டரின் கரண்ட் வயரையும் யூஎஸ்பி கேபிளையும் நானே சேர்த்து வரிசையாக டேக் போட்டுக் கட்டியிருக்கிறேன், பார்க்க அழகாக இருக்கட்டுமென்று. கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் சும்மாவே பொறி கக்கும், அதன் பக்கத்திலேயே சிக்னல் வயரைப் படுக்க வைத்தால் என்ன ஆகும்? ரவுட்டர் வயரை எதிர்ப்பக்கம் கொண்டுபோய், யூஎஸ்பியை ஒன்றரை மீட்டருக்குக் குறைத்து, ஷீல்டு (உலோக உறை) உள்ளதாக, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போட்டதாக மாற்றினேன். வயர்கள் சந்தித்தே ஆகவேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்க விட்டேன். அதற்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

தூசி உறிஞ்சும் ஹோஸும் மரத்தூள் ஓடி ஓடி நிலைமின்சாரம் ஏற்றிக்கொள்ளும். அதனுள்ளே காப்பில்லாத செம்புக் கம்பி ஒன்றை ஓட்டி எர்த்தில் கொடுங்கள். பழைய வீடென்றால் எர்த் இருக்கிறதா என்பதையே எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும் வீடுகள் நிறைய.

கேள்வி: கரண்ட் போய் உடனே வந்தது. மெஷின் தானாகவே தொடர்ந்து ஓடி, பலகையின் நடுவில் குழி தோண்டிவிட்டது. எப்படி? (தச்சு வேலை செய்பவர், ஈரோடு)

இதை எல்லோரும் படிக்க வேண்டும். ஊனோவுக்கு மின்சாரம் வருவது யூஎஸ்பி வழியாக, அதாவது லேப்டாப் பேட்டரியிலிருந்து. மோட்டாருக்கு வருவதோ வீட்டுக் கரண்டிலிருந்து. கரண்ட் போனதும் மோட்டார் நின்றுவிடும், போர்டு நிற்காது. தான் ஓட்டிக்கொண்டிருப்பதாகவே நினைத்துப் பல்ஸை எண்ணிக்கொண்டே போகும். இந்த வகை மோட்டாரில் நின்ற இடத்தைத் திருப்பிச் சொல்ல எதுவுமில்லை. பதினைந்து நொடி கழித்துக் கரண்ட் வந்தால் போர்டு நினைக்கும் இடம் வேறு, பிட் நிற்கும் இடம் வேறு. ஸ்பிண்டிலும் சுற்ற ஆரம்பிக்க, பலகை போச்சு.

இரண்டு காரியம் செய்யுங்கள். கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகாத, பச்சை பட்டனை மறுபடி அழுத்தினால்தான் எடுக்கிற கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்) ஒன்றை ஸ்பிண்டிலுக்கும் மோட்டார் சப்ளைக்கும் சேர்த்துப் போடுங்கள். அடுத்தது, மெஷின் அச்சின் ஓரத்தைத் தொட்டதும் போர்டுக்குச் சொல்லும் லிமிட் சுவிட்ச். அது இருந்தால் டாலர் எச் ($H) கட்டளை கொடுத்து ஹோம் செய்யலாம், அதாவது மெஷின் அந்த ஓரத்துக்குப் போய்த் தன் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கும். ஜீரோவை ஜி54 என்ற ஜி-கோடில் வைத்திருந்தால் போர்டின் நினைவிலேயே இருக்கும், ஹோம் முடிந்ததும் பழைய ஜீரோ அப்படியே கிடைக்கும். ஜி92-இல் வைத்தால் போர்டு ரீசெட் ஆனதும் போய்விடும். பெரும்பாலான ஊனோக்கள் யூஎஸ்பி இணைப்பைத் திறக்கும்போதே ரீசெட் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: 100 மில்லிமீட்டர் நகரச் சொன்னால் 200 போகிறது. இன்னொரு சந்தேகம், வட்டம் வெட்டினால் நான்கு இடத்தில் தட்டையாக வருகிறது. (மதுரை)

சரியாக இரண்டு மடங்கு என்றால் டிரைவரில் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட்) ஒரு ஸ்டெப்பை எத்தனையாக உடைப்பது என்று தீர்மானிக்கும் மைக்ரோஸ்டெப் ஜம்பர் மாறியிருக்கிறது. மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 ஸ்டெப், அதைப் பதினாறாக உடைத்தால் 3200, அச்சை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ (திருகுத் தண்டு) ஒரு சுற்றில் 8 மில்லிமீட்டர் போனால் 3200-ஐ 8-ஆல் வகுத்து 400. அதுதான் ஜிஆர்பிஎல்லில் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பல்ஸ் என்று சொல்லும் டாலர் 100 ($100) அமைப்பில் இருக்க வேண்டிய எண். இந்தக் கணக்குக்கு ஸ்கேலே வேண்டாம். 98.5 போல அரைகுறையாக வந்தால் எண்ணைத் தட்டிச் சரிசெய்ய வேண்டாம், மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளரின் திருகு வழுக்குகிறதா என்று பாருங்கள்.

வட்டத்தின் தட்டை வேறு கதை. மேல், கீழ், இடம், வலம் என அந்த நான்கு இடத்திலும்தான் ஏதாவது ஒரு அச்சு திசை திரும்புகிறது. லீட் ஸ்க்ரூவின் நட்டில் ஆட்டம் இருந்தால் திரும்பும்போது கொஞ்ச தூரம் அசையாமல் சும்மா சுற்றும். ஸ்பிரிங் வைத்த நட் போடுங்கள், எந்த சாஃப்ட்வேரும் இதைத் தீர்க்காது.

கேள்வி: தேக்கு கருகுகிறது. 25,000 ஆர்பிஎம், நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர், இரண்டு வெட்டு முனை உள்ள பிட். மெதுவாகத்தானே ஓட்டுகிறேன்? (காரைக்குடி)

மெதுவாக ஓட்டுவதால்தான் கருகுகிறது! 300-ஐ 50,000-ஆல் (25,000 சுற்று, இரண்டு முனை) வகுத்துப் பாருங்கள், ஒரு முனை ஒரு தடவைக்கு 0.006 மில்லிமீட்டர்தான் எடுக்கிறது. அது வெட்டு இல்லை, உரசல். 16,000-க்கு இறக்கி, நிமிடத்துக்கு 1600 கொடுங்கள், முனைக்கு 0.05 கிடைக்கும். மெஷின் முனகினால் ஆழத்தைக் குறையுங்கள், வேகத்தை அல்ல. மாவாகக் கொட்டாமல் சீவலாக விழ வேண்டும்.

கேள்வி: பேரலல் போர்ட் (பழைய பிரின்டர் இணைப்பு) உள்ள பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. லினக்ஸ்சிஎன்சி போடலாமா? (திருச்சி)

போடலாம், நல்ல சாஃப்ட்வேர். அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர அளவீட்டு நிறுவனத்தில் பிறந்த திட்டத்திலிருந்து வளர்ந்தது. ஆனால் இதில் பல்ஸை உருவாக்குவதே கம்ப்யூட்டர்தான், அதனால் முதல் பதிலில் சொன்னது இங்கே தலைகீழ். அதிலேயே உள்ள லேட்டன்சி (தாமத) டெஸ்டை ஒரு மணி நேரம் ஓட விட்டு, கூடவே நாலு விண்டோவைத் திறந்து மூடுங்கள். தாமதம் 20 மைக்ரோசெகண்டுக்குள் நின்றால் அருமை, 50 வரை சமாளிக்கலாம், 100-ஐத் தாண்டினால் அந்தப் பெட்டி இந்த வேலைக்கு ஆகாது.

கேள்வி: பத்தாவது படிக்கும் மகன் கேட்கிறான். வீட்டில் வைக்கலாமா? (தாம்பரம்)

வைக்கலாம் அக்கா, மூன்று நிபந்தனையோடு. காளான் தலை சிவப்பு பட்டன் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அது ஸ்பிண்டில் கரண்டையே அறுக்க வேண்டும். திரையில் உள்ள ஸ்டாப் பட்டனை மட்டும் நம்பக்கூடாது, தொடர்பு அறுந்த நேரத்தில் அது வேலை செய்யாது. எம்டிஎஃப் (மர நாரை ஒட்டி அழுத்திய பலகை) வெட்டினால் என்95 மாஸ்க், எப்போதும் பாதுகாப்புக் கண்ணாடி. அப்புறம், மெஷின் ஓடும்போது அவன் அந்த அறையை விட்டு நகரக்கூடாது, சாப்பிடக் கூப்பிட்டாலும் சரி. மரத்தூளும் சூடான பிட்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. முதல் மாதம் நீங்களும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள்.