ஜி5-க்கு வரும் குதிரைக்குக் கறுப்பின் பதில் என்ன?

கேள்வி: தரம் 8 படிக்கும் மகன் சதுரங்கச் சுற்றுப்போட்டியில் கறுப்புக் காய்களோடு ஆடித் தோற்றான். எதிராளியின் குதிரை ஜி5-க்கு வந்து எஃப்7-ஐ வெட்டி, அரசனை நடுவுக்கு இழுத்துவிட்டது. மூன்றாவது நகர்த்தலிலேயே எச்6 ஆடினால் தப்பலாமா? – ஒரு தந்தை, கல்முனை

பதில்: எச்6, அதாவது எச் வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளுவது, உடனே தோற்கடிக்காது. ஆனால் வெள்ளை டி4 ஆடி நடுவைத் திறந்துவிடும். உங்கள் மகனுக்கு ஒரு நகர்த்தல் வீண். ஆட்டம் கைவிட்டுப் போனது ஐந்தாவது நகர்த்தலில். பலகையை வைத்து இருவருமாக ஆடிப் பாருங்கள்.

(எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்குவரிசையையும் குறிக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது வெள்ளை, அடுத்தது கறுப்பு. காயின் பெயர் இல்லாவிட்டால் அது சிப்பாய்.) ஈ4 – ஈ5, குதிரை எஃப்3 – குதிரை சி6, பிஷப் சி4 – குதிரை எஃப்6, குதிரை ஜி5. எஃப்7-ஐ இரண்டு காய்கள் குறிவைக்கின்றன, காப்பது அரசன் மட்டும். கறுப்பு டி5 ஆடி பிஷப்பை மறிப்பது சரியே. வெள்ளைச் சிப்பாய் டி5-ஐ வெட்டியதும் பிள்ளைகளின் கை தானாகவே எஃப்6 குதிரைக்குப் போகும். தொட்ட காயை ஆடத்தான் வேண்டும். குதிரை டி5-ஐ வெட்டினால் வெள்ளைக் குதிரை எஃப்7-ல் பாயும், அரசன் அதை வெட்டுவான், ராணி எஃப்3-ல் செக். டி5 குதிரையைக் காக்க அரசன் ஈ6-க்கு ஏற வேண்டும். பின்வாங்கி ஈ8-க்குப் போனால் பிஷப் டி5-ஐ வெட்டும், அடுத்து ராணி எஃப்7-ல் மேட் (ஆட்டம் முடிவு) என்று மிரட்டும். கணினி இந்த நிலையைத் தாக்குப்பிடிக்கலாம். கடிகாரம் ஓடும்போது பிள்ளையால் முடியாது.

சிப்பாயைத் திருப்பி வெட்டாமல், சி6 குதிரையை ஏ5-க்கு ஆட வேண்டும். பிஷப் தாக்கப்படுகிறது. அது பி5-ல் செக் கொடுக்கும். சி6 ஆடி மறியுங்கள். சிப்பாய் சி6-ஐ வெட்டும், பி7 சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள். பிஷப் ஈ2-க்குப் பின்வாங்கினால் எச்6, குதிரை எஃப்3-க்குத் திரும்பினால் ஈ4, அது ஈ5-க்குத் தாவினால் பிஷப் டி6. எச்6-க்கு உரிய நேரம் இதுதான். பிஷப் டி3-க்குப் போனாலோ எச்6 வேண்டாம்: எஃப்6 குதிரை டி5-க்குப் போகட்டும், பின்னாலிருந்து ராணி ஜி5 குதிரையைத் தாக்கும்.

கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு. இதைக் கண்டு பதறி அதை மீட்க ஓடுவது அடுத்த தவறு. பதிலுக்குக் காய்கள் வேகமாக வெளியே வந்திருக்கின்றன. காஸ்லிங் செய்து (அரசனையும் மூலைக் காயையும் ஒரே நகர்த்தலில் மாற்றி அரசனைப் பாதுகாத்து) தாக்க வேண்டும்.

இவ்வளவும் மனதில் நிற்காவிட்டால் மூன்றாவது நகர்த்தலில் பிஷப் சி5 ஆடட்டும். அப்போது ஜி5-க்கு வரும் குதிரையை ராணியே வெட்டிவிடும்.